சரிபார்த்தவர்: ரா. ஜெனிட்டா

மாமல்லபுரம்
29 செப்டம்பர் 2025, திங்கள்

அன்புள்ள ஜெனி,

நீ என்னைப் போனில் பிளாக் செய்து மூன்று வருடம் ஆகிறது. அதனால்தான் கூரியரில் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. உள்ளே அழைப்பிதழ் இருக்கிறது, கம்பெனி அதற்கு நல்ல காகிதம் போட்டிருக்கிறது.

அக்டோபர் 11, சனிக்கிழமை, இங்கே கடலோர ரிசார்ட் ஒன்றில் எங்கள் கம்பெனி மொழிபெயர்ப்பாளர் சந்திப்பு நடத்துகிறது. தனியாக வேலை செய்பவர்கள், சின்ன ஏஜென்சி வைத்திருப்பவர்கள், ஆப், சப்டைட்டில் என்று லோக்கலைசேஷன் செய்பவர்கள் எல்லாரும் வருகிறார்கள். இருபது மேஜை. ஒரு மேஜைக்கு ஐந்து நிமிடம். மணி அடித்தால் எழுந்து அடுத்த மேஜைக்குப் போய் மறுபடி ‘வணக்கம், என் பெயர்’ என்று ஆரம்பிக்க வேண்டும். நீ முகத்தைச் சுளிப்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. ஆனால் வேலை அங்கேதான் கைமாறுகிறது. மதுராந்தகத்தில் உட்கார்ந்து பிறப்புச் சான்றிதழும் கிரயப் பத்திரமும் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தால் உன் தமிழை யார் பார்ப்பார்கள்?

நான் இப்போது இங்கே வெண்டார் மேனேஜர். எந்த வேலையை யாருக்குக் கொடுப்பது என்று பிரிக்கிறவள். உனக்குத் தகுந்த வேலை ஒன்று வந்திருக்கிறது. நேரில் சொல்கிறேன். கட்டாயம் வா.

உன்,
துர்கா


மதுராந்தகம்
4 அக்டோபர், சனி

துர்காதேவி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதமும் அழைப்பிதழும் கிடைத்தன. காகிதம் நன்றாகத்தான் இருக்கிறது.

செங்கல்பட்டில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் நாம் கடை வைத்திருந்தபோது போர்டில் ‘துர்கா டிரான்ஸ்லேஷன்ஸ்’ என்று இருந்தது. இரண்டு பேர் பெயரையும் போட்டால் போர்டு நீளமாகிவிடும் என்றீர்கள். செய்யூரிலிருந்து உங்கள் அப்பாவுக்குத் தெரிந்தவர்கள் பத்திரம் கொண்டுவருவார்கள், என் பெயரைப் பார்த்தால் தயங்குவார்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. நானாகவே புரிந்துகொண்டேன். மொழிபெயர்ப்பு முழுக்க நான் செய்தேன், கீழே கையெழுத்து நீங்கள் போட்டீர்கள். பிறகு ஒரு திங்கட்கிழமை கடைக்கு வந்து பார்த்தால், நம்முடைய இரண்டு பெரிய வாடிக்கையாளரையும் கூட்டிக்கொண்டு இந்தக் கம்பெனிக்குப் போயிருந்தீர்கள்.

இதையெல்லாம் சண்டைக்காக எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்று நினைத்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

நான் வருகிறேன். இப்போது எல்லாரும் பத்திரத்தைப் போனில் படம் பிடித்து மெஷினில் மொழிபெயர்த்துக்கொள்கிறார்கள். அது செய்த தப்பைத் திருத்த மட்டும் என்னிடம் வருகிறார்கள். எனக்கு வேலை வேண்டும். உங்களுக்காக வரவில்லை.

இப்படிக்கு,
ரா. ஜெனிட்டா


மதுராந்தகம்
13 அக்டோபர், திங்கள்

துர்காதேவி அவர்களுக்கு,

அழைத்ததற்கு நன்றி. மேடைக்கும் வாசலுக்குமாக நீங்கள் ஓடிக்கொண்டே இருந்ததால் அந்த வேலையைப் பற்றிப் பேசவே முடியவில்லை. ஓடாத நேரத்திலும் என் பக்கம் பார்க்காமல் இருந்தது போலத்தான் எனக்குப் பட்டது.

பதினொன்றாவது மேஜையில் உங்கள் கம்பெனி ஆள் நிதின் ஒரு போட்டி வைத்தார். ஆளுக்கு ஓர் அட்டை, அதில் ஓர் ஆங்கில வாக்கியம். எனக்கு வந்தது இது: சனிக்கிழமை ‘12 ஏ.எம்.’ முதல் உபரி நீர் திறக்கப்படும், அதற்கு முன் மேடான இடத்துக்குப் போய்விடவும். நான் ‘வெள்ளி இரவு 12 மணி முதல்’ என்று எழுதினேன். நிதின் செல்லில் எதையோ தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “மேம், சோர்ஸ்ல சாட்டர்டேன்னு இருக்கு. நீங்க வெள்ளின்னு போட்டா கிழமை மிஸ்மேட்ச். சிஸ்டம் ரெட்டு காட்டும்” என்றார்.

ஆங்கிலக் கணக்கில் நடுராத்திரி பன்னிரண்டுக்கே சனிக்கிழமை பிறந்துவிடுகிறது. நமக்குச் சனிக்கிழமை ராத்திரி என்றால் சனிக்கிழமைப் பொழுது போய் வருகிற ராத்திரி. கிழமையை அப்படியே வைத்தால் ஒரு முழு நாள் தள்ளிப்போய்விடும் என்று சொல்லிப் பார்த்தேன். சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. அட்டையின் கீழே பெயரும் ஊரும் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். பரிசுக் குலுக்கலுக்காம். விசிட்டிங் கார்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் போடச் சொன்னார்கள், போட்டேன்.

இன்னொரு விஷயம். சாப்பாட்டு வரிசை ஓரமாக ஒருவர் தட்டு எடுக்காமல் நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் பெயர் அட்டை இல்லை. செங்கல்பட்டில் தெலுங்கு ஏஜென்சி வைத்திருந்த கோதண்டராமன் என்று பிறகுதான் அடையாளம் தெரிந்தது. ஆள் பாதியாகிவிட்டார்.

“கார்டு போட்டுட்டியாம்மா?” என்று கேட்டார்.

“போட்டேன் சார்.”

“கையெழுத்து?”

“அதுவும் போட்டேன்.”

“நான் போன வருசம் போட்டேன். இந்த வருசம் யாருன்னு பாத்துகினு போலாம்னு வந்தேன்” என்று சொல்லிவிட்டு, கடற்கரைப் பக்கத்து வாசல் வழியாகப் போய்விட்டார்.

அவர் எதைச் சொன்னார் என்று தயவுசெய்து எழுதுங்கள். எனக்கு அன்றிலிருந்து மனசு சரியில்லை.

இப்படிக்கு,
ரா. ஜெனிட்டா


மாமல்லபுரம்
22 அக்டோபர், புதன்

அன்புள்ள ஜெனி,

நீ என்னை ‘நீங்கள்’ என்று எழுதும்போது பேங்க் மேனேஜருக்கு விண்ணப்பம் எழுதுவது போல இருக்கிறது. எத்தனை நாள் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டிருப்போம்.

கோதண்டராமன் சொன்னதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. போன வருடம் ஒரு பூச்சிமருந்து டப்பாவின் லேபிளில் அளவு தப்பாக வந்துவிட்டது. வேறு மாவட்டத்தில் மருந்து அடித்த ஓர் ஆள் ஆஸ்பத்திரியில் கிடந்தார், கேஸ் ஆகிவிட்டது. லேபிளைச் சரிபார்த்தவர் என்று இவர் பெயர் இருந்தது. படித்ததே இல்லை என்கிறார். ஆனால் படித்துக் கையெழுத்துப் போட்டதாகத்தான் ஃபைலில் இருக்கிறது. நான் என்ன செய்ய முடியும்?

பதிலைப் போனிலோ மெயிலிலோ அனுப்பாதே. போன் கம்பெனி கொடுத்தது, மெயிலும் கம்பெனியுடையது. யார் யார் படிக்கிறார்கள் என்று எனக்கே தெரியாது. நாம் இப்படியே காகிதத்தில் எழுதிக்கொள்வோம். உன் வேலையைப் பற்றிச் சீக்கிரம் தகவல் வரும்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. கடல் நிறமே மாறிப்போயிருக்கிறது.

உன்,
துர்கா


மதுராந்தகம்
3 நவம்பர், திங்கள்

துர்கா,

‘நீங்கள்’ என்று எழுத இன்று எனக்குப் பொறுமை இல்லை.

நீ சொன்ன தகவல் வந்துவிட்டது. சான்றிதழ் நகல் ஒன்று, கூடவே மாதிரிக்கு இரண்டு பக்கம். ‘வெள்ள எச்சரிக்கைச் செய்திகள், தமிழ், 1,140 வாக்கியங்கள். முழுவதும் படித்துச் சரிபார்த்தவர்: ரா. ஜெனிட்டா, மதுராந்தகம்.’ கீழே என் கையெழுத்து. அந்தப் போட்டி அட்டையில் போட்டதேதான். மேஜையில் யாரோ ஜூஸ் கொட்டியிருந்தார்கள், ஈரத்தில் பேனா வழுக்கிக் கடைசி எழுத்து கோணலாகப் போனது. இதிலும் அதே கோணல்.

இதில் ஒரு வாக்கியத்தைக்கூட நான் படித்ததில்லை.

மாதிரிப் பக்கத்தில் கடைசியாக இருந்த 412-ஆம் வாக்கியம், எங்கள் தாங்கல் ஏரியைச் சனிக்கிழமை திறக்க நேர்ந்தால் அனுப்புவதற்கு முன்கூட்டியே எழுதி வைத்தது. நீ வந்திருக்கிறாய், ஞாபகம் இருக்கும். ஏரிக்கரைக்குக் கீழே பள்ளத்தில் எங்கள் தெரு, ஒட்டினாற்போல் கால்வாய். உபரி நீர் வழியும் கலங்கலின் ஷட்டரைத் திறந்துவிட்டால் முதலில் எங்கள் வாசலுக்குத்தான் வரும். அதற்குப் போட்டிருக்கிறார்கள், ‘சனிக்கிழமை இரவு 12 மணி முதல்’ என்று. நான் எது தப்பு என்று சொன்னேனோ அதையே போட்டு, என் பெயரை எழுதியிருக்கிறார்கள்.

அம்மாவிடம் படித்துக் காட்டி, எப்போது வீட்டை விட்டுக் கிளம்புவாய் என்று கேட்டேன். “சனிக்கெழம ராத்திரின்னா, சனிக்கெழம சோறு துன்னுட்டு கெளம்ப வேண்டியதுதான். இன்னா அவசரம்?” என்றாள். அதற்குள் தண்ணீர் வந்து இருபது மணி நேரம் ஆகியிருக்கும்.

என் பெயரை எடு. அந்த வாக்கியத்தை மாற்று. இரண்டையும் உடனே செய்.

ஜெனிட்டா


மாமல்லபுரம்
7 நவம்பர், வெள்ளி

ஜெனி,

கோபத்தில் இருக்கிறாய், இருந்தாலும் நிதானமாகப் படி. இந்த வேலையை எடுப்பதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. அந்த மாவட்டத்திலேயே வசிக்கும் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் படித்துக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். ஒரு பெயர் வேண்டும், அவ்வளவுதான். வெறும் சம்பிரதாயம்.

பெயரை எடுப்பது இனிமேல் என் கையில் இல்லை. 412-ஐ மாற்ற நானே முயற்சி செய்தேன். ஆங்கிலத்தில் சாட்டர்டே, தமிழில் வெள்ளி, கிழமை பொருந்தவில்லை என்று மெஷின் சிவப்பு காட்டித் தள்ளிவிட்டது. சிவப்பைத் தாண்டி ஒரு திருத்தத்தை ஏற்க ஒரே ஒரு லாகினுக்குத்தான் அதிகாரம் உண்டு. சரிபார்த்தவர் லாகின். உன் பெயரில் இருப்பது.

ஆபீஸுக்கு வா. நீ உள்ளே போய் ஒரு பட்டனைத் தட்டினால் போதும், ஒரு நிமிட வேலை.

துர்கா


மதுராந்தகம்
11 நவம்பர், செவ்வாய்

துர்கா,

நேற்று கோதண்டராமன் வீட்டுக்குப் போனேன். ஏஜென்சியை மூடிவிட்டார். வாசல் கதவைப் பாதிதான் திறந்தார். உன் கடிதத்தைக் காட்டினேன். ‘ஒரு நிமிட வேலை’ என்ற இடத்தில் விரலை வைத்தார்.

“எனக்கும் இத்தான் சொன்னாங்கோ. ஒரே ஒரு அளவு தப்பா கீது, உள்ள வந்து மாத்திட்டுப் போன்னாங்கோ. போனேன். ஒண்ண மாத்தினேன். அப்பால எல்லாமே என்து ஆச்சு. நான் உள்ள வந்து போனதுக்கு டைமோட சாட்சி வச்சிருக்காங்கோ” என்றார்.

இப்போது எனக்குப் புரிகிறது. இதுவரை நீங்கள் செய்தது மோசடி. நான் ஒரு தடவை உள்ளே போய்விட்டால், மிச்சம் 1,139-க்கும் நான் பொறுப்பு. போர்டில் உன் பெயர் இருந்தது. பழியில் மட்டும் என் பெயர். என் பெயருக்கு ஏதாவது ஆனால் வந்து கேட்க ஆள் இல்லை என்று உனக்கு நன்றாகத் தெரியும்.

வரமாட்டேன். உங்கள் தப்பை நீங்களே திருத்துங்கள்.

தாங்கலில் தண்ணீர் கலங்கலுக்கு ஒன்றரை அடி கீழே நிற்கிறது. தம்பி ஜெபக்குமார் தினமும் போய்க் குச்சி வைத்துப் பார்த்துவிட்டு வருகிறான்.

ஜெனிட்டா


மாமல்லபுரம்
18 நவம்பர், செவ்வாய்

ஜெனி,

சம்பிரதாயம் என்று எழுதினேன். பொய். தப்பு நடந்தால் யார் மேலாவது விழ வேண்டும், கம்பெனி மேல் விழக் கூடாது, அதற்குத்தான் அந்தப் பெயர். இது எனக்குச் சேர்ந்த முதல் மாதமே தெரியும். கோதண்டராமன் விஷயத்திலும் தெரியும். தெரிந்துகொண்டே சம்பளம் வாங்கினேன்.

ஆனால் உன் பெயரை நான் கொடுக்கவில்லை. நீ கிண்ணத்தில் கார்டு போட்ட பிறகு அவர்களாக எடுத்துக்கொண்டார்கள். இதையாவது நம்பு.

வெள்ளி, சனியில் பெரிய மழை என்கிறார்கள். நிதினிடம் 412-ஐப் பற்றி மூன்று தடவை சொல்லிவிட்டேன். “ரிவ்யூவர் மாத்தட்டும், நாம ஏன் டச் பண்ணணும்?” என்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது. உன் வீட்டில் எத்தனை தடவை சாப்பிட்டிருக்கிறேன். வாசற்படி எவ்வளவு தாழ்வு என்று எனக்குத் தெரியும்.

தனித் தாளில் லாகினும் பாஸ்வேர்டும் எழுதியிருக்கிறேன். வீட்டிலிருந்தே செய்யலாம். செய்யாவிட்டாலும் உன்னைக் குறை சொல்ல மாட்டேன். தாளைக் கிழித்துவிடு.

துர்கா


பள்ளிக்கூடக் கட்டடம்
21 நவம்பர், வெள்ளி, சாயங்காலம்

துர்கா,

உன் கடிதம் நேற்று வந்தது. அம்மா ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தாள். அவள் முதுகையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு லேப்டாப்பைத் திறந்தேன்.

உள்ளே போனதும் அது ஒரு கேள்வி கேட்டது. ‘இந்தப் பெயரில் உள்ள அனைத்து வாக்கியங்களுக்கும் பொறுப்பேற்கிறீர்களா?’ ஆம் என்று தட்டாமல் மேலே விடவில்லை. தட்டினேன். 412-ஐ எடுத்து ‘வெள்ளி இரவு 12 மணி முதல்’ என்று மாற்றினேன். சிவப்பு காட்டியது. ஏற்கிறேன் என்றேன். பச்சை ஆகிவிட்டது. கோதண்டராமன் சொன்ன மாதிரிதான், நான் உள்ளே வந்ததும் போனதும் நிமிடத்தோடு ஓரத்தில் பதிந்தது.

அதற்கு மேலே இன்னொரு வரி இருந்தது. ‘பயனர்: ரா. ஜெனிட்டா. உருவாக்கிய நாள்: 24 செப்டம்பர். உருவாக்கியவர்: துர்காதேவி.’

நீ எனக்கு அழைப்பிதழ் அனுப்பியது 29-ஆம் தேதி. கிண்ணம், அட்டை, இருபது மேஜை எல்லாமே பிறகுதான். என் பெயரை முதலில் வைத்துவிட்டு, கையெழுத்துக்காக என்னை வரவழைத்திருக்கிறாய். ‘இதையாவது நம்பு’ என்று மூன்று நாளுக்கு முன்புகூட எழுதினாய்.

அந்த வரியைப் பார்த்த பிறகு ஒரு நிமிடம்கூட அந்தப் பெயருக்குள் உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. வெளியே வந்து லேப்டாப்பை மூடிவிட்டேன். அடுத்த வாக்கியத்தைப் படிக்கவில்லை. நான் செய்தது இது. இதை உன் மேல் போட மாட்டேன்.

இன்று மத்தியானம் இரண்டு மணிக்குத் தெருவில் எல்லார் போனுக்கும் செய்தி வந்தது. வெள்ளி இரவு 12 மணி முதல், சரியாக வந்தது. தெருவே மூட்டை கட்ட ஆரம்பித்தது. நானும் பாத்திரங்களைப் பரண் மேல் ஏற்றிக்கொண்டிருந்தேன். நாலு மணிக்கு ஜெபக்குமார் வந்தான். கால்வாய்க்கு அந்தப் பக்கம் அரிசி மில்லில் அவனுக்கு வேலை. நனைந்துகொண்டே சாவகாசமாக வண்டியை நிறுத்தினான்.

“இன்னாக்கா, இன்னிக்கே மூட்டை கட்டினுகீற? நாளைக்கு ராத்திரிதானே தொறக்கறாங்கோ?” என்றான்.

போனை நீட்டினான். செய்தி வந்த நேரத்தில் அவன் அந்தப் பக்கத்து டவரில் இருந்திருக்கிறான். அக்கரைத் தெருவுக்குத் தனி வாக்கியம். ‘சனிக்கிழமை இரவு 12 மணி முதல்.’ அது 413-ஆக இருக்க வேண்டும். நான் திருத்தியதற்கு அடுத்தது.

அக்கரையில் எழுபது வீடு. எல்லாரும் நிம்மதியாக வீட்டுக்குள் இருக்கிறார்கள் என்றான். செய்தியின் கீழே இருந்த உங்கள் கம்பெனி நம்பருக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள்.

“சரிபாத்தவங்க சொன்னாதான் மாத்தி அனுப்ப முடியும் மேடம். ஜெனிட்டான்னு பேரு கீது. அவங்களாண்ட பேசுங்க.”

“நான்தான்மா ஜெனிட்டா.”

“அப்போ நீங்களே லாகின் பண்ணி மாத்துங்க மேடம்.”

மாற்றுவதற்குள் கரண்ட் போனது. கொஞ்ச நேரத்தில் டவரும் போனது. ஜெபக்குமார் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று வண்டியைத் திருப்பினான். கால்வாய்த் தரைப்பாலத்தில் அப்போதே முழங்கால் அளவு மழைத்தண்ணீர் ஓடியது. “வேணான்டா” என்று அம்மா கத்தினாள். நான் தடுக்கவில்லை. போகட்டும் என்று இருந்தேன். அந்த வாக்கியம் இப்போது என்னுடையது, தட்டியது நான்தானே.

எங்கள் தெரு முழுவதும் இங்கே பள்ளிக்கூட மாடியில் இருக்கிறது. எல்லாரும் என்னால்தான் தப்பித்தோம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். யாரோ எனக்கு டீ கொண்டுவந்து வைத்தார்கள், ஆறிப்போய்விட்டது. அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாலத்துப் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

அடுத்த வருடமும் சந்திப்பு வைப்பீர்கள். எனக்கு அழைப்பிதழ் வராது, ஆனாலும் வருவேன். தட்டு எடுக்க மாட்டேன். சாப்பாட்டு வரிசை ஓரமாக நின்று, அந்தக் கிண்ணத்தில் யார் கார்டு போடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

மணி ஆறேகால். ஜெபக்குமார் இன்னும் வரவில்லை.

சரிபார்த்தவர்,
ரா. ஜெனிட்டா